நான்கு புட்டி சிவப்பு ஒயினும் ஒரு சட்டி மொச்சைக் குழம்பும்

1

போன சனிக்கிழமை கடைக்கு வந்த ஒருவர் அலமாரியில் இருந்த புட்டிகளை எல்லாம் ஒரு சுற்று பார்த்துவிட்டுக் கடைசியில் என்னைப் பார்த்தார். "நீங்கள் இந்தியாக்காரர்தானே? கறிக்கு எந்தச் சிவப்பு ஒயின் சரிப்படும்?" என்றார்.

எந்தக் கறி என்று கேட்டேன். அவர் முழித்தார். அவருக்குக் கறி என்றால் மஞ்சளாக ஒன்று, டப்பாவில் வரும். எங்கள் கடலூர் முதுநகரில் கறி என்றால் ஆடு. கோழி கறியில் சேராது, அது கோழி. மீனுக்குத் தனி மரியாதை. கருவாட்டை இதில் எங்கே வைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் ஒரு பீர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அவருக்குச் சொல்ல முடியாததை ஊரில் இருப்பவர்களுக்காவது சொல்லிவைக்கலாம் என்று இதை எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்பை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்டவன் நான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினில் சரகோசா என்ற ஊரில் ஒரு சின்ன ஒயின் கடையில் இருக்கிறேன். இந்த ஊர்ப் பெயரை முதன்முதலாகப் போனில் சொன்னபோது சிதம்பரத்தில் இருக்கும் என் மச்சான் குமரவேல், என் மனைவியின் அண்ணன், கேட்டது இதுதான்: "சரக்கு ஓசியா? ஊரு பேரே அப்பிடியா மச்சான்? வுட்டுட்டு இங்க இன்னா பண்ணிட்டு இருக்கேன் நானு?"

சரக்கு ஓசி இல்லை. ஆனால் மலிவு. இங்கே ஒரு காப்பிக்கும் ரொட்டிக்கும் ஆகும் காசுக்கு மேல் கொஞ்சம் போட்டால் வீட்டில் வைத்துக் குடிக்கிற மாதிரி ஒரு புட்டி சிவப்பு கிடைக்கும். கடலூர்க்காரனுக்குக் குடி என்றால் பாலம் தாண்டிப் பாண்டிச்சேரி போவது, போன வேகத்தில் முடிப்பது, வாயைக் கொப்பளித்துவிட்டு வருவது. இங்கே மத்தியானச் சாப்பாட்டில் தண்ணீர்ச் செம்பு மாதிரி ஒயின் மேசைமேல் நிற்கிறது. யாரும் ஒளிப்பதில்லை. முதல் வருடம் எனக்கு அதுவே கூச்சமாக இருந்தது.

விலை குறைந்ததில் நம்பி வாங்கக்கூடியவை இவை. 'ஹோவென்' என்று போட்டிருந்தால் இளசு என்று அர்த்தம், மரப் பீப்பாயில் ஊறாமல் வந்தது. பழ வாசனை தூக்கலாக இருக்கும். வறுத்த முந்திரிக்கும் சுண்டலுக்கும் இது போதும். 'கிரியான்சா' பீப்பாயில் கொஞ்ச காலம் கிடந்தது. மிளகு போட்டு வறுத்த ஆட்டுக்கறிக்கு நன்றாக இருக்கும். 'கர்னாச்சா' என்பது ஒரு திராட்சையின் பெயர். எங்கள் சரகோசாவைச் சுற்றி எங்கு பார்த்தாலும் அதுதான். உறைப்பைத் தாங்கும், சுட்ட கத்திரிக்காய்க்குச் சொந்தக்காரன் மாதிரி ஒட்டும். அதாவது சிதம்பரம் கொத்சு. 'மென்சியா' லேசானது, வறுத்த மீனோடு சண்டை போடாத ஒரே சிவப்பு என்று நான் சொல்வேன். 'தோரோ' என்று ஓர் ஊர். அந்தப் பெயருக்குக் காளைமாடு என்று அர்த்தம். அந்த ஊர் ஒயினும் அப்படித்தான், துவர்ப்பு முட்டும். அதை மிளகாய்க்குப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். ஏன் என்பதைத்தான் இனிமேல் சொல்லப்போகிறேன்.

2

நான் இங்கே வந்த வழி நேர் வழி இல்லை. நெய்வேலியில் ஒப்பந்தக்கூலி, பம்பாயில் பாத்திரம் கழுவுதல், அப்புறம் ஒரு சரக்குக் கப்பலில் வெங்காயம் உரிக்கும் வேலை. பார்சலோனாவில் கப்பல் நின்றது. இறங்கினேன். கப்பல் போய்விட்டது, நான் போகவில்லை. அவ்வளவுதான்.

அறுவடைக் காலத்தில் திராட்சைத் தோட்டங்களில் கூலிக்கு ஆள் எடுப்பார்கள். கொட்டகையில் படுக்கை. குனிந்து குனிந்து இடுப்பு போகும், கத்தரி பிடித்து விரல் வெடிக்கும். திராட்சை இனிக்கும், அதுவும் முதல் நாள் மட்டும்.

பாஷைதான் ஆளைக் கொல்லப் பார்த்தது. இந்த ஊரில் யார் எதைச் சொன்னாலும் 'பலே' என்பார்கள். சரி, ஆகட்டும் என்று அர்த்தம். எனக்கு அது தெரியாது. கூடையை வைத்தால் பலே, தண்ணீர் குடித்தால் பலே, கழிப்பறை போய்விட்டு வந்தால்கூட மேஸ்திரி பலே என்கிறார். என் வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு மெச்சியதில்லை. ஊருக்குப் போன் போட்டு, "இங்க நம்மள ரொம்ப மதிக்கிறாங்க" என்று பெருமையாகச் சொன்னேன்.

இன்னொரு வார்த்தை 'ஓஹோ'. ஜாக்கிரதை, கண்ணைத் திறந்து பார் என்று அர்த்தம். ஒரு நாள் டிராக்டரில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்து மேஸ்திரி "ஓஹோ! ஓஹோ!" என்று கத்தினார். பலேவுக்கு அடுத்த கட்டப் பாராட்டு என்று நினைத்துத் திரும்பி நின்று சிரித்தேன். மேலே இருந்த பெட்டி தோளில் இறங்கியது. எலும்பு உடைந்து, கழுத்தில் கட்டித் தொங்கிய கையோடு அந்த இரண்டு வார்த்தைகளையும் சரியாகக் கற்றுக்கொண்டேன்.

காகிதம் இல்லாமல் இருந்தவர்களுக்கு இந்த நாட்டில் ஒரு வழி உண்டு. இங்கேயே வருடக்கணக்கில் வாழ்ந்து வேர் பிடித்துவிட்டேன் என்று நிரூபித்தால் இருக்கலாம் என்று அட்டை தருவார்கள். அந்த ஏற்பாட்டின் பெயரே 'வேரூன்றுதல்' என்றுதான் வரும். அலுவலகத்தில் இருந்த அம்மா, "உங்கள் வேருக்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார். வாடகை ரசீது என் பெயரில் இல்லை, வங்கிக் கணக்கு இல்லை. பையைக் கவிழ்த்தேன். வெவ்வேறு வருடங்களில் கடைவாய்ப் பல் பிடுங்கிய ரசீதுகள் விழுந்தன. அந்த அம்மா அவற்றை வரிசையாக அடுக்கிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். பல்லின் வேரைப் பிடுங்கித் தன் வேரை நிரூபித்தவன் கடலூர் மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அட்டை வந்ததும் ஊருக்கு ஒரு தடவை போய்வந்தேன். அதற்கு அடுத்த வருடம் மனைவியும் மகளும் வந்தார்கள். மனைவிக்கு ஒரு ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை. மகள் கயல் வந்தபோது கைக்குழந்தை, இப்போது பதினைந்து வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஸ்பானிஷில் பதில் சொல்வாள். சிதம்பரத்து மாமா வீடியோவில் வந்தால் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். கண்டித்தால் 'பலே' என்பாள். மாமாவோ அந்தப் பக்கம், "பாத்தியா, கொழந்த பலேன்னு சொல்லுது, மாமா மேல எவ்ளோ பாசம்!" என்று பூரித்துப்போவார்.

3

கடை பிலார் என்ற அம்மாளுடையது. வடக்கே கடலோர ஊரில் பிறந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். எழுபதைத் தொட்டவர், குள்ளம், குரல் மட்டும் ஆறடி. கணவர் காலமாகிவிட்டார். என்னைப் பெட்டி தூக்கத்தான் வேலைக்கு வைத்தார். பத்து வருடத்தில் பெட்டி தூக்குவதில் இருந்து கல்லாவில் நிற்பது வரைக்கும் வந்தேன். எந்தப் புட்டி எந்த மலையில் இருந்து வந்தது, எதோடு சாப்பிடலாம் என்பதை எல்லாம் புட்டிமேல் ஒட்டிய அட்டைகளைப் படித்தும் மிச்சத்தை நக்கிப் பார்த்தும் கற்றுக்கொண்டேன். அவர் வைத்த சட்டங்கள் கடுமையானவை. ஒயினில் ஐஸ் போடலாமா என்று கேட்ட ஒரு சுற்றுலாப் பயணியை அவர் வாசல் வரைக்கும் துரத்தியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

போன வருடம் கோடையில் ஒரு நாள், "முருகையா, எனக்கு முட்டி வலிக்கிறது, கடையைக் கைமாற்றப் போகிறேன்" என்றார். கேட்க இரண்டு பேர் இருந்தோம். ஒன்று நான், மாதாமாதம் தவணையில் தருகிறேன் என்று. இன்னொன்று அவருடைய அக்கா மகன் பாப்லோ. ஒயின் பள்ளியில் படித்துச் சான்றிதழ் வாங்கியவன். கோப்பையைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, 'ஈரமான சிலேட்டு வாசனை' என்று சொல்லக்கூடியவன். கடை தன் கைக்கு வந்தால் அதைக் கண்ணாடியும் விளக்குமாக மாற்றப்போவதாகவும், அதில் எனக்கு இடம் இருக்காது என்றும் அவனே என்னிடம் நல்ல மாதிரியாகச் சொல்லிவிட்டான்.

ஐம்பத்திரண்டு வயதில் மறுபடியும் தோட்டத்தில் போய்க் குனிய என் இடுப்பு ஒத்துக்கொள்ளாது. கடை கிடைத்தால் நிற்கலாம். இல்லாவிட்டால் என்ன செய்வது என்று நானும் மனைவியும் பேசவே இல்லை.

ஆகஸ்டில் இந்த ஊரே கடையை மூடிவிட்டு எங்காவது போய்விடும். அந்த ஆகஸ்டில் பிலார் யோகா கற்கப் பாண்டிச்சேரி போவதாக இருந்தார். நானும் கயலும் ஊருக்குப் போவதாக இருந்தோம். மனைவிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. "பக்கத்து ஊர்தானே? ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வருகிறேன்" என்றார் பிலார். "நம் கடையின் மலிவுச் சிவப்பில் நாலு எடுத்துக்கொள்வோம். இரண்டை நீ தேர்ந்தெடு, இரண்டை நான் தேர்ந்தெடுக்கிறேன், நாலையும் உன் பெட்டியில் வை. உன் ஊர்ச் சாப்பாட்டோடு சேர்த்துக் காட்டு. பாப்லோ போன வாரம் எனக்கு ஆட்டுக்கறியும் கிரியான்சாவும் வைத்தான். குறை சொல்ல முடியவில்லை. நீ என்ன வைக்கிறாய் என்று பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்."

4

கடலூர் வீடு பூட்டிக் கிடப்பதால் விருந்தைச் சிதம்பரத்தில் மச்சான் வீட்டில் வைப்பதாக ஏற்பாடு. மச்சான் அங்கே சோடா, கூல்டிரிங்ஸ் ஏஜென்சி வைத்திருக்கிறார். கீழே கிடங்கு, மாடியில் வீடு. அவர் கடவுளையும் பன்னீர் சோடாவையும் நம்புகிறவர். வயிற்றுவலி, காய்ச்சல், கடன், எதுவாக இருந்தாலும் முதலில் ஒரு சோடா உடைப்பார்.

முதல் நாளே அவரை உட்காரவைத்துப் பேசினேன். "மச்சான், இது என் பொழப்பு. ஒயின்ல நீ சோடா ஊத்தக் கூடாது. ஐஸ் போடக் கூடாது. அந்தம்மா பாத்தா அவ்ளோதான்."

"அப்ப அத வெறுமனே குடிக்கணுமா?"

"வெறுமனேதான்."

"பாவம்டா அவுங்க," என்றார்.

அவர் மனைவி சாந்தியக்கா சமையலுக்குக் கேட்கவே வேண்டாம். முந்திரி வறுவல், கொத்சும் சம்பா சாதமும், பரங்கிப்பேட்டை இறாலில் தொக்கு, மிளகு போட்ட ஆட்டுக்கறி வறுவல் என்று நான் பட்டியல் கொடுத்தேன். அக்கா தன் பங்குக்குக் காய்ந்த மொச்சையும் கருவாடும் போட்டுக் குழம்பு வைத்துவிட்டார். தெருமுனை வரைக்கும் மணத்தது. "அக்கா, கருவாட்டு வாசன அவுங்களுக்கு ஆவாது. சட்டிய உள்ள வெச்சி மூடிடுங்க."

"ஏம்ப்பா, அந்தூரு கடல்ல மீனு காயறதில்லையா?" என்று முறைத்தாலும், மூடிக் கதவுக்குப் பின்னால் வைத்தார்.

புட்டிகள் விஷயத்தில் நான் புத்தகப்படி நடந்தேன். சிவப்பு ஒயினை அறைச் சூட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று எல்லா அட்டையிலும் போட்டிருக்கும். எனவே மச்சானின் பெரிய குளிர்பெட்டி பக்கம் போகாமல் நான்கையும் கூடத்தில் பீரோ மேல் வரிசையாக நிறுத்தினேன். அட்டையில் சொன்ன அறை எந்த ஊர் அறை என்று நான் யோசிக்கவில்லை. ஸ்பெயினில் கல்வீட்டின் உள் அறை என்றால் ஆளுக்கே போர்வை வேண்டும். சிதம்பரத்தில் ஆகஸ்ட் மாதம் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் கூடம் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கயல் இதை எல்லாம் ஒரு மூலையில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். வந்து ஒரு வாரம் ஆகியும் மாமாவிடமும் அத்தையிடமும் சிரிப்பைத் தவிர ஒன்றும் பேசவில்லை. தமிழ் மறந்தேவிட்டது என்று நான் முடிவுகட்டியிருந்தேன்.

5

பிலார் பாண்டிச்சேரி பஸ்ஸில் இருந்து வெள்ளைப் பருத்திப் புடவையில் இறங்கினார். அதை யார் கட்டிவிட்டார்களோ, ஊக்குகளின் பலத்தில் நின்றுகொண்டிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றினார், பலே. பாய் போடட்டுமா நாற்காலியா என்று கேட்டேன், நாற்காலி, பலே. மச்சான் கையைக் கூப்பினார், பலே. "நல்ல மனசுக்காரம்மா, எதுக்கெடுத்தாலும் பாராட்டுறாங்க," என்று மச்சான் என் காதில் சொன்னார். நான் திருத்தவில்லை. நானே அதில் ஒரு வருடம் வாழ்ந்தவன்தானே.

இலை போட்டு உட்காரவைத்ததும் கரண்ட் போனது. மின்விசிறி மூன்று சுற்று யோசித்துவிட்டு நின்றது.

முதல் புட்டி ஹோவென். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினேன். கண்ணாடிக் கோப்பைகள் பெட்டியிலேயே உடைந்துபோயிருந்தன. பிலார் ஒரு வாய் வைத்தார். நிதானமாக டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "முருகையா, இந்த ரசம் நன்றாக இருக்கிறது. ஒயின் எப்போது வரும்?" என்றார்.

தொட்டுப் பார்த்தேன். டம்ளரே சுட்டது.

இரண்டாவது, கர்னாச்சாவும் கொத்சும். என் துருப்புச்சீட்டு. கொத்சை ஒரு வாய் எடுத்ததும் பிலாரின் முகம் மலர்ந்தது. டம்ளரை எடுத்ததும் வாடியது. "இதைக் குளிரவைத்திருந்தால்..." என்று இழுத்தார். எனக்கு வியர்வை கண்ணில் இறங்கியது. பாப்லோ கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்து எனக்குக் கையாட்டுவது தெரிந்தது.

அந்தப் பதற்றத்தில்தான் நான் பிலார் தேர்ந்தெடுத்திருந்த தோரோவைத் திறந்தேன். கிரியான்சாவைத் திறந்து ஆட்டுக்கறியை வைத்திருக்க வேண்டும். கை மாறிப்போய்விட்டது. சாந்தியக்காவும் அதே நேரம் இறால் தொக்கை இலையில் வைத்துவிட்டார். சூடான ஒயின், முட்டுகிற துவர்ப்பு, அதன் மேல் குண்டு மிளகாய் போட்ட தொக்கு. துவர்ப்பு ஒயின் மிளகாயைப் பெரிதாக்கும் என்று நான் வாடிக்கையாளர்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். பிலாரின் முகம் முதலில் சிவந்தது, பிறகு கண், பிறகு காது. வாயைத் திறந்து, "ஆக்வா! ஆக்வா!" என்று அலறினார்.

ஸ்பானிஷில் அதற்குத் தண்ணீர் என்று அர்த்தம். சாந்தியக்காவுக்கு அது தெரியாது. கரண்டி பிடித்த கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றார். "ஆக்கவான்னா கேக்குறாங்க? இவுங்க ஏன் ஆக்கணும்? நாந்தான் விடிகாலயிலிருந்து இவ்ளோ ஆக்கி வெச்சிருக்கேனே! என் சமையல்ல இன்னா கொற?"

"அக்கா, தண்ணி! தண்ணி கேக்குறாங்க!"

"தண்ணின்னா தண்ணின்னு கேக்க வேண்டியதுதானே?"

அதற்குள் மச்சான் மாடிப்படியில் உருண்டு இறங்கிக் கிடங்கில் இருந்து ஒரு பாட்டில் கோலாவும் ஒரு கிண்ணம் ஐஸும் கொண்டுவந்துவிட்டார். ஆபத்துக் காலம், நான் சொன்ன சட்டம் எல்லாம் அவர் நினைவில் இல்லை. பிலாருக்கு முன்னால் எது இருந்ததோ அதில் ஐஸை அள்ளிப் போட்டுக் கோலாவை விளிம்பு வரைக்கும் ஊற்றினார். முன்னால் இருந்தது தோரோ பாதி நிறைந்த டம்ளர்.

சுற்றுலாப் பயணியை வாசல் வரைக்கும் துரத்தியவர் அந்த டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் கடகடவென்று குடித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தேன். பிலார் டம்ளருக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்கி, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "காலிமோச்சோ!" என்றார்.

மச்சானுக்கு முகம் மாறிவிட்டது. "மச்சான், மொச்சை காலின்றாங்கடா! உள்ள மொச்சை இருக்குறது இவுங்களுக்கு எப்பிடிடா தெரிஞ்சிது?"

"இல்ல மச்சான், அது வேற..."

"காலிமோச்சோ! காலிமோச்சோ!" பிலார் கையைத் தட்டினார்.

"பாவம், எவ்ளோ ஏக்கமா கேக்குறாங்க. நீ ஒளிச்சி வெச்சதுக்கு என் மானந்தான் போவுது," என்று என்னைத் திட்டிவிட்டு மச்சான் பிலாரிடம் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, "காலி... இல்லம்மா... சட்டி... நெறைய... இருக்குது," என்றார். கதவுக்குப் பின்னால் இருந்த சட்டி வந்துவிட்டது.

விஷயம் இதுதான். சிவப்பு ஒயினில் பாதிக்குப் பாதி கோலா ஊற்றி ஐஸ் போட்டால் அதற்கு அந்த ஊரில் காலிமோச்சோ என்று பெயர். பிலார் பிறந்த வடக்கு ஊர்களில் திருவிழா நாட்களில் காசில்லாத இளவட்டங்கள் வாளியில் கலக்கிக் குடிப்பது. பிலார் கல்யாணத்துக்கு முன்னால் குடித்தது. ஒயின் கடைக்காரரைக் கட்டிக்கொண்ட பிறகு அந்தப் பேச்சையே எடுக்க விட்டதில்லையாம் அவர் கணவர்.

மொச்சையும் கருவாடும் சேர்ந்த புளிக்குழம்பை, ஐஸ் போட்ட ஒயின் கோலாவோடு அவர் சாப்பிட்டதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். புளிப்புக்கு இனிப்பு, உப்புக்குக் குளிர்ச்சி. எந்த அட்டையிலும் இப்படி ஒரு ஜோடி கிடையாது. இரண்டாவது தடவை குழம்பு வாங்கினார். மூன்றாவது தடவை கரண்டியை அவரே எடுத்துக்கொண்டார். சாந்தியக்காவின் கோபம் போயே போய்விட்டது. நான்காவது புட்டியான கிரியான்சாவைக் கடைசியில் மச்சான்தான் திறந்தார், பல்லால் இல்லை என்பது மட்டும்தான் ஆறுதல். அதுவும் கோலாவோடுதான் போனது.

6

கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்த பிலார் கொஞ்ச நேரம் என்னையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மச்சானைக் காட்டி என்னிடம், "கடையை நான் இவருக்குத் தருகிறேன். சம்மதமா என்று கேள்" என்றார்.

விளையாட்டா நிஜமா என்று தெரியவில்லை. பிலாருக்கு இரண்டுக்கும் ஒரே முகம்தான். பத்து வருடமாகத் துடைத்த அலமாரி. அதை என் வாயாலேயே இன்னொருவருக்கு மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும்.

"இன்னா சொல்றாங்க மச்சான்?"

"சாப்பாடு நல்லாருக்குன்னு..." என்று ஆரம்பித்தேன்.

மூலையில் இருந்து ஒரு குரல் வந்தது. "இல்ல மாமா. அவங்க கடைய உங்களுக்குக் குடுக்குறாங்க. வேணுமான்னு கேக்குறாங்க. அப்பா தப்பா சொல்றாரு."

எல்லோரும் திரும்பினோம். கயல் காதில் இருந்து ஒயரைக் கழற்றியிருந்தாள். அந்தத் தமிழ் கொஞ்சம் தடுக்கியது, ஆனால் கீழே விழவில்லை.

மச்சான் முதலில் கடையைப் பற்றி யோசிக்கவே இல்லை. "கொழந்த பேசுதுடீ!" என்று சாந்தியக்காவைக் கூப்பிட்டார். பிறகு பெரிய மனிதர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்தம்மாகிட்ட சொல்லு கண்ணு. எனக்கு வேணாம். கடைய என் கையில குடுத்தா ஒரே வாரத்துல சரக்க நானே முடிச்சிருவேன். உங்க அப்பன் இருக்கானே, அவன் ஒரு பயந்தாங்கொள்ளி. ஒரு புட்டியத் தொறக்குறதுக்கு ஊர்ல இருக்குற எல்லார்கிட்டயும் யோசன கேப்பான். அவன்கிட்ட குடுத்தா சரக்கு பத்திரமா இருக்கும்."

கயல் வரிக்கு வரி ஸ்பானிஷில் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒன்றைக்கூட விடவில்லை. நடுவில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். "அப்பா, பயந்தாங்கொள்ளின்னா என்ன?"

பிலார் காத்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த ஸ்பானிஷ் வார்த்தை தெரியும். தோட்டத்தில் மேஸ்திரி சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"கொபார்தே," என்றேன்.

"என் அப்பா ஒரு கொபார்தே," என்று கயல் பிலாரிடம் முடித்தாள்.

பிலார் சிரிக்கவில்லை. "என் கணவர் தைரியசாலி," என்றார். "விற்க வைத்திருந்த எந்தப் புட்டியையும் பயப்படாமல் திறந்து குடிப்பார். என் அக்கா மகன் அவரைவிடத் தைரியசாலி, கிரியான்சாவோடு நிறுத்தவில்லை, அன்றைக்கு என் ஸ்டோரில் இருந்த பழைய புட்டி ஒன்றையும் ருசி பார்க்கத் திறந்துவிட்டான். அந்தக் கடைக்கு இவ்வளவு தைரியம் போதும். முருகையா, செப்டம்பரில் நோட்டரியிடம் போவோம். தவணை நீ சொன்ன மாதிரியே. ஆனால் இனிமேல் சிவப்பைக் குளிரவைத்துக் கொடு."

"இன்னாவாம்?" என்றார் மச்சான்.

"கடை அப்பாவுக்காம்," என்றாள் கயல்.

"பின்ன? நான் ரெகமண்ட் பண்ணா சும்மாவா?"

நான் எழுந்து பின்கட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன். கொஞ்சம் அதிக நேரம் கழுவினேன்.

சாயங்காலம் பிலாரைப் பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏற்றிவிட நானும் மச்சானும் கயலும் போனோம். பிலார் மடியில் ஒரு புத்தம்புது டிபன் கேரியர், நான்கு அடுக்கிலும் மொச்சைக் குழம்பு. கிளம்பும் அவசரத்தில் மச்சான் சமையலறையில் கைக்குக் கிடைத்ததை எடுத்து நிரப்பிக் கொடுத்திருந்தார். பஸ் நகர்ந்தது. ஜன்னல் வழியாகக் கை ஆடியது.

"அப்பா, பயந்தாங்கொள்ளிக்குப் பெண்பால் என்ன?" என்றாள் கயல். ஸ்பானிஷில் எல்லாவற்றுக்கும் ஆண் பெண் உண்டு, அந்தப் பழக்கம்.

"அதேதான். ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்."

"அப்ப நானும்தான்," என்றாள். "தப்பாப் பேசினா மாமா சிரிப்பாருன்னு இத்தன நாள் பேசல."

மச்சான் அதற்கு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருடைய போன் அடித்தது. காதில் இருந்து ஒரு அடி தள்ளிப் பிடித்திருந்தும் சாந்தியக்காவின் குரல் எங்களுக்கே கேட்டது. தன் தங்கச்சி வளைகாப்புக்குக் கொடுக்க வாங்கிவைத்திருந்த புது கேரியரை எவன் எடுத்தது என்பதுதான் கேள்வி. மச்சான் இரண்டு பக்கமும் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு போனைக் கயலின் கையில் திணித்துவிட்டு, "நீ சொல்லு கண்ணு, மாமா வண்டி ஓட்டினு இருக்கார்னு சொல்லு," என்று கிசுகிசுத்தார். நாங்கள் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தோம்.

கயல் போனைக் காதில் வைத்தாள்.

"அத்த," என்றாள், தெளிவாக. "மாமா ஒரு பயந்தாங்கொள்ளி."